சிஞ்ஞோரின் வாய்

இத்தாலியின் பலெர்மோவில் மட்டுமல்ல, மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள எந்தக் கரையிலும் விரதம் அண்ணையைப் போல மதுவுக்குப் பகையான ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, கந்தசட்டி என்று எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு விரதத்தில் இருப்பார். அதனால் பெயரே அதுவாகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் எங்களில் எவனுக்கும் தெரியாது.

தொண்ணூறுகளில் நாங்கள் சில இளந்தாரிகள் அல்பெர்கேரியாப் பகுதியில் சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கே மூத்தவரும் அவர்தான், சமையலும் அவர்தான், பொலிசும் அவர்தான். நான் ஒளித்து வைத்திருந்த பியரைத் தொட்டிக்குள் ஊற்றியதோடு நிற்காமல், தொட்டிக்கு மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். வினாகிரிப் போத்தலில் 'வீனோ', அதாவது வைன், என்ற சொல் இருந்த குற்றத்துக்காக அதுவும் போயிற்று. ஒரு பிறந்தநாள் கேக்கில் றம் விட்டிருப்பதாக யாரோ சொல்லப்போக, விருந்து முடியும் மட்டும் மனிதர் குழாயடியில் கொப்பளித்துக்கொண்டே நின்றார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு நேர்த்தி. அவருடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார். "மனிசி இஞ்சை வந்து சேருமட்டும் ஒரு சொட்டுச் சாராயமும் என்ரை வாயிலை படாது" என்று முருகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததே தவிர, விசா வந்தபாடில்லை.

அண்ணை வேலை செய்தது பொலித்தேயாமா பக்கம், ஓய்வு பெற்ற ஒரு கப்பல் எஞ்சினியர் வீட்டில். அவரைச் 'சிஞ்ஞோர்', அதாவது ஐயா, என்பார். ஒருநாள் அங்கே அலுமாரி நகர்த்த ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார். அலுமாரியை நகர்த்தினோம். பின்னேரம் கிழவர் சிஞ்ஞோர் ஒரு கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் போத்தல்கள். அவர் ஊற்ற, அண்ணை சின்னக் கிளாசை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக உறிஞ்சினார்.

வாசலில் நின்ற என் மூக்குக்கே விளங்கிவிட்டது. 

அண்ணையோ நாக்கைச் சுழற்றிக்கொண்டு இத்தாலியனும் தமிழும் கையும் காலுமாக விளக்கிக்கொண்டிருந்தார். "சிஞ்ஞோரே, இது இப்பதான் வெட்டின புல்லு. முன்னுக்கு எலுமிச்சந்தோல், பின்னுக்கு மிளகு. விழுங்கினாப் பிறகுதான் இனிப்பு வரும், பிந்தி வந்த விருந்தாளி மாதிரி."

அடுத்த போத்தல். "இது புது மரப்பெட்டி. அதுக்குள்ளை கறுவாவும் கருப்பட்டியும் வைச்சுப் பூட்டின மாதிரி."

அதற்கடுத்தது. "இது... பழுதாப்போன பழம். ஆனா எறிய மனம் வராது. கொஞ்சம் ஆட்டுப்பால் கட்டியும் மணக்குது."

கடைசியாக ஒன்று. அதை வாயில் வைத்ததும் அண்ணை எழும்பியே விட்டார். பனைமரமாகக் கையை விரித்து நின்று, காயாகக் கீழே விழுந்து, நெருப்பில் உருண்டு, பல்லில் சிக்கிய தும்பை இழுத்துக் காட்டினார். "சுட்ட பனங்காய், சிஞ்ஞோரே! புகையும் இனிப்பும் ஒண்டாய்!"

சிஞ்ஞோர் கைதட்டிச் சிரித்தார். அவர் வாயில் ஒரு துளியும் வைக்கவில்லை. கப்பலில் ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட நாள் முதல் அவருக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. மெக்சிக்கோத் துறைமுகங்களில் ஆசை ஆசையாகச் சேர்த்த போத்தல்கள். இப்போது அண்ணை சொல்லக் கேட்பதுதான் அவருக்கு ருசி.

நான் அண்ணையைக் குசினிக்குள் இழுத்துப்போனேன். "அண்ணை, அது என்ன எண்டு தெரியுமோ?"

"கற்றாழைத் தண்ணி. உடம்புச் சூட்டுக்கு நல்லது."

"ஆர் சொன்னது?"

"சிஞ்ஞோர்தான். அகாவே எண்டு செடியையும் காட்டினவர். எங்கடை ஆனைக்கற்றாழை. திஸ்தில்லாத்தோ, வடிச்சது, எண்டும் சொன்னவர். அயன் பெட்டிக்கு விடுற அக்குவா திஸ்தில்லாத்தா தெரியாதே? அந்தச் சுத்தமான தண்ணிதான்."

வீனோ, பீர்ரா, கிராப்பா, அமாரோ என்று இத்தாலியில் உள்ள மதுவின் பெயரெல்லாம் பாடமாக்கி வைத்திருந்த மனிதர், கடைசியில் அயன் பெட்டித் தண்ணீரில் வழுக்கி விழுந்திருந்தார்.

"அண்ணை, இது அந்தத் தண்ணியில்லை. மற்றத் தண்ணி. சாராயம். தெக்கீலா, மெஸ்கல் எண்டு சொல்லுறது."

அண்ணை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "எரிஞ்சதுதான்... மருந்தெண்டா எரியும்தானே எண்டு நினைச்சன்."

"எப்ப துவக்கம்?"

"கந்தசட்டிக்கு முந்தி."

"கந்தசட்டியிலையும் குடிச்சனீங்களோ?"

"வெறும் வயித்திலை..." என்று தலையில் கைவைத்தார். "அதுதான் உடம்பு காத்து மாதிரி மிதந்தது. முருகன்ரை அருள் எண்டெல்லோ நினைச்சன்!"

 அந்தக் கந்தசட்டி நாட்களில் வேலை முடிந்து வந்து அண்ணை கண்ணீர் வடியத் தேவாரம் பாடியதும், கடைசியில் காவடி போல ஆடியதும், நாங்கள் பக்தி முற்றிவிட்டது என்று காலில் விழுந்து திருநீறு வாங்கியதும் ஞாபகம் வந்தன.

"அதுதான் மனிசிக்கு விசா வரேல்லை" என்றார் அண்ணை. 

அடுத்த நாளே சிஞ்ஞோரிடம் கும்பிட்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கிழவர் வற்புறுத்தவில்லை. கண்ணாடிக் கதவைப் பூட்டினார். பிறகு சாப்பாட்டையும் அப்படியே விடத் தொடங்கினார். அண்ணைக்குப் பொறுக்கவில்லை. குடிக்கத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்.

முதல் கிளாசுக்கு "புவோனோ", நல்லது, என்றேன். இரண்டாவதுக்கும் "புவோனோ". மூன்றாவதுக்கு, கொஞ்சம் கூடுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "மோல்த்தோ புவோனோ", மிக நல்லது. சிஞ்ஞோர் மரியாதையாக எழும்பி எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"உனக்கு வாய் இருக்குது, நாக்கில்லை" என்று அண்ணை என்னைத் திட்டினார். சாமிப்படத்துக்கு முன்னால் போய் அவர் வெகுநேரம் இருந்தார். எழும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"என்ரை வாயிலை படாது எண்டுதானே சொன்னனான்? அந்தாளுக்கு வாய் வேலை செய்யேல்லை. என்ரையை இரவல் குடுத்தா, அந்த நேரம் அது ஆரின்ரை வாய்?"

 அப்படி ஒரு சட்ட விளக்கத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து முறை மாறியது. கிளாசைத் தொடுமுன் மேலே பார்த்து, "முருகா, இப்ப இது சிஞ்ஞோரின்ரை வாய்" என்பார். ருசித்து, உருட்டி, சொல்லவேண்டியதெல்லாம் சொல்லிவிட்டுத் துப்புவார். பிறகு தண்ணீரில் கொப்பளித்து, "இப்ப என்ரை" என்று அறிவிப்பார். சிஞ்ஞோர் மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஆனாலும் அண்ணைக்கு உள்ளே உதறல்தான். முருகன் ஒத்துக்கொண்டாரா இல்லையா என்பது விசா வந்தால்தானே தெரியும்! எங்கள் வீட்டில் மணி அடித்தால் முதலில் ஓடுவது அவர்தான்.

வந்தது. அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா, விமானத்தில் வந்து இறங்கும் நாள் சிஞ்ஞோர் தன் பழைய காரிலேயே எங்களை ஏற்றிப் போனார். புறப்படுமுன் அண்ணையின் சந்தோஷத்துக்காக, அந்தப் பனங்காய்ப் போத்தலைத் திறந்து வைத்தார். அண்ணை வாயை இரவல் கொடுத்தார். சந்தோஷத்தில் கொப்பளிக்க மறந்துபோனார்.

அக்கா பெட்டியோடு வெளியே வந்தார். அண்ணை ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும், அக்காவின் முகம் மாறியது.

"இதென்ன மணம்?"

"அது... அது என்ரை வாயில்லை."

"அப்ப ஆரின்ரை வாய்?"

அண்ணை விரலால் சிஞ்ஞோரைக் காட்டினார். பூச்செண்டோடு நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். இனி விமான நிலையம் இடிந்து விழப்போகிறது என்று நான் ஒதுங்கினேன்.

அக்கா கிட்டப்போய் இன்னொருமுறை மோந்து பார்த்தார். "பனங்காய் சுட்டனீங்களே? இஞ்சை ஏது பனங்காய்?"

அக்கா என்ன சொல்கிறார் என்று சிஞ்ஞோர் என்னைக் கேட்டார். சொன்னேன். கிழவர் அண்ணையின் பக்கம் திரும்பினார். பிறகு, "என்னைச் சந்தோஷப்படுத்த இவர் கதை கட்டுகிறார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். எல்லாம் உண்மை!" என்றார். தன் கையிலிருந்த பூவின் வாசமே தெரியாத மனிதர் அண்ணையைக் கட்டிப்பிடித்து அழுதார். அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, இந்த விசர்க் கூத்தை வீட்டை போய்க் கதைப்பம்" என்றார்.

வீட்டில் அண்ணைக்கு என்ன கிடைத்தது என்று நான் எழுதப்போவதில்லை. நேர்த்தி முடிந்த பிறகும் அவர் சொந்த வாயால் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிஞ்ஞோர் இருந்த வரைக்கும் இரவல் தொடர்ந்தது.

இன்றைக்கும் வாயில் ஏதாவது அருமையாகப் பட்டால் எனக்கு வருவது அந்த 'புவோனோ' ஒன்றுதான். அண்ணை, ஒரு நிமிஷத்துக்கு உங்கள் நாக்கைத் தாருங்களேன்.