ஆந்தை போன இடம்

"மாப்பிள்ளை, சாயங்காலம் என் ஸ்டாம்ப் ஆல்பத்தை எடுத்துட்டு வாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் மாமனார், இருமலுக்கு நடுவே.

மருமகன் ஓடிப்போய் ஆல்பத்தைப் புரட்டினார். ஐம்பது வருடச் சேகரிப்பு. எல்லாம் பறவைகள். கடைசிப் பக்கத்தில் இருக்கவேண்டிய ஆந்தை மட்டும் பத்து நாளாக இல்லை.

அது போன இடம் வெளியே சொல்லும்படியானதல்ல. வீடு இரண்டே அறை. விடிய விடிய இருமல். மருமகன் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், தூக்கக் கலக்கத்தில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டி அனுப்பிவிட்டார். முதலாளி விட்ட டோஸில், மருமகன் யாருக்கும் தெரியாமல் முதியோர் இல்லத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார், மாமனாருக்கு இடம் கேட்டு. அன்று தபால் ஆபீஸ் விடுமுறை. கையில் ஸ்டாம்ப் இல்லை. ஆல்பத்தைத் திறந்தார். கிழவரை அனுப்பக் கிழவருடைய ஆந்தை! மகா உத்தமர்.

இப்போது ஏழாம் பக்கத்துக் கழுகை எடுத்து ஆந்தையின் இடத்தில் செருகினார். ஏழாம் பக்கம் பல்லை இளித்தது. அங்கே ஒரு கொக்கைக் கொண்டுவந்தார். கொக்கின் இடத்தை நிரப்ப மூன்றாம் பக்கம் போனால், அங்கே மீன்கொத்தியையே காணோம்!

"ஐயையோ, இதை எப்போ தொலைச்சேன்?"

கட்டிலுக்கடியில் தவழ்ந்தவரை மனைவி பிடித்துவிட்டாள்.

"என்னங்க தேடறீங்க?"

"மீன்கொத்தி."

"கட்டிலுக்கு அடியிலயா?"

"இல்ல... ஆல்பத்துல பூச்சி. வெயில்ல வைக்கணும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார்.

அப்பாவின் பொக்கிஷமாயிற்றே என்று அவள் அக்கறையாக ஆல்பத்தை மொட்டைமாடியில் விரித்துவைத்தாள். வெயில் பத்து நிமிஷம் அடித்தது, மழை அரை மணி நேரம். பழைய பசை இளகி, கிளியும் கொக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மருமகன் இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்தார். பஞ்சவர்ணக்கிளி காக்கை நிறத்துக்கு வந்தது.

சாயங்காலம் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மாமனார் முன் நின்றார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. இந்த ஆல்பம் இனிமே உங்களுக்குத்தான்."

மருமகனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா, நான் ஒரு பாவி. உங்க ஆந்தையை..."

வாசல் மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். முதியோர் இல்லத்துக் குமாஸ்தா, கையில் இரண்டு உறைகளோடு உள்ளே வந்தார். மருமகன் முகம் வெளுத்தது. மாமனார் முகம் அதைவிட வெளுத்தது.

"ஒண்ணுமில்ல, ஒரே விலாசத்துல இருந்து ஒரே ஆளுக்கு ரெண்டு பேர் இடம் கேட்டிருக்கீங்க. அதான் நேர்ல விசாரிச்சுட்டுப் போகலாம்னு" என்றார் குமாஸ்தா. உறைகளை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் ஆந்தை. இன்னொன்றில் மீன்கொத்தி.

"ஆந்தை ஒட்டினது மருமகனோடது, 'மாமனாருக்குத் தெரிய வேண்டாம், சண்டைக்கு வருவார்'னு இருக்கு. மீன்கொத்தி அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்துடுச்சு, பெரியவரோடது: 'நானே வந்துடறேன், மாப்பிள்ளைக்கு மட்டும் இப்பத் தெரிய வேண்டாம், என்னை அனுப்ப அவருக்கு மனசு வராது.'"