இடுப்பில் கட்டிய மிருதங்கம்

இந்த வருட நவராத்திரி வாணி விழாவில் தடியோடு நின்று குரங்கு கலைப்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன். முடிவெடுத்தது ஆவணி மாதம். மங்களேஸ்வரியிடம் சொன்னது புரட்டாதி மாதம். இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்கவில்லை, தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மங்களேஸ்வரி என் மனைவி. அம்பிட்டியவில் எங்கள் வீட்டிலேயே சங்கீத வகுப்பு நடத்துகிறாள். வாணி விழாவின் கடைசி நாள் காலையில் கண்டியில் ஒரு மண்டபத்தில் அவளுடைய கச்சேரி. முடிந்ததும் வந்த சனத்துக்கு வடை. வடை சுடும் சமையலறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். அதற்குப் பின்னால் காடு, காடு நிறையக் குரங்கு. எங்கள் கச்சேரித் திகதி குரங்குகளுக்கு மனப்பாடம். ஆகையால் பதினெட்டு வருடமாக அவள் மேடையில் பாடுகிறாள், நான் சமையலறை வாசலில் தடியோடு நிற்கிறேன்.

இத்தனைக்கும் நான் மூன்று வருடம் மிருதங்கம் படித்தவன். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

“பதினெட்டு வருசத்தில உம்முடைய ஒரு பாட்டை நான் முழுசாக் கேட்டிருப்பனே? இந்த முறை மேடையில உமக்குப் பக்கத்தில இருந்து மிருதங்கம் வாசிக்கிறன்,” என்றேன்.

“உங்கட மிருதங்கத்தைத்தான் எலி திண்டிட்டுதே,” என்றாள்.

அதற்காகத்தான் கண்டுபிடிப்பு. சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு குட்டிக் கணினியை இடுப்புப் பட்டியில் பொருத்தினேன். வேட்டிக்கு அடியில், தொடைக்கு ஒன்றாக இரண்டு தகடுகள். தொடையில் தட்டினால் கணினி அதை மிருதங்கச் சத்தமாக்கி, வயர் இல்லாமல் ஸ்பீக்கருக்கு அனுப்பும். எலி தின்னத் தோலே கிடையாது.

முதல் ஒத்திகையை வீட்டுப் புளூடூத் ஸ்பீக்கரில் வைத்தோம். அவள் பாடினாள். நான் தட்டினேன்.

“இஞ்சாருங்கோ, அடிச்சனீங்களோ?”

“அடிச்சிட்டன்.”

“எங்க?”

தொம் என்றது ஸ்பீக்கர்.

“இந்தா, வந்திட்டுது.”

“நான் அடுத்த வரிக்குப் போயிட்டன். உங்கட அடி என்ன, பஸ்ஸிலயே வருது?”

புளூடூத் என்றால் கால் செக்கன் தாமதம் இருக்கும் என்று விளங்கப்படுத்தினேன். நான் பதில் சொல்வதும் கலியாணம் செய்த நாளிலிருந்து அந்த வேகத்தில்தான் என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் குசினிக்குப் போய் உலை வைத்துவிட்டாள்.

விட்டேனா? மேடைக்கென்றே செய்த ஒரு ஜோடியைத் தேடி வாங்கினேன். இடுப்பில் அனுப்பும் பெட்டி, ஸ்பீக்கரில் வாங்கும் பெட்டி. தாமதம் ஐந்து மில்லி செக்கன். ஒரு செக்கனை ஆயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஐந்தே ஐந்து துண்டு. தட்டினேன். கை தொடையில் பட்டபோதே தொம் என்றது. மங்களேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வீட்டுப் பின்பக்கம் இன்னும் ஆடிக்கொண்டிருந்த கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது சுவருக்குள்ளால போகுமோ?”

“ரெண்டு சுவர் தாண்டும்.”

“ஒரு முற்றம்?”

“முற்றமெல்லாம் ஒரு தூரமே!”

“பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?”

“மூண்டு மணித்தியாலம்.”

“இடையில நிப்பாட்டாம அடிப்பியளோ?”

“கை கழண்டு விழுந்தாலும் நிப்பாட்டன்.”

“அப்ப வாசியுங்கோ.”

பெண்சாதி இத்தனை தொழில்நுட்பக் கேள்வி கேட்டால் புருஷன்காரன் பயப்பட வேண்டும். நான் பெருமைப்பட்டேன். வழக்கமாக நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வந்து அவளுக்கு மிருதங்கம் வாசிக்கும் நிரோஷனை நினைத்துப் பரிதாபம்கூடப் பட்டேன்.

“வடைக்கு ஆர் காவல்?” என்று கடமைக்குக் கேட்டு வைத்தேன்.

“அதுக்கு ஆள் பிடிச்சிட்டன்.”

கச்சேரியன்று வாங்கும் பெட்டியை மகள் மதனி பொறுப்பெடுத்தாள். நான் பட்டு வேட்டியோடு மேடையில் உட்கார்ந்து, முதல் பாட்டுக்கு முதல் தட்டுத் தட்டினேன். மண்டபத்தில் கணீரென்று விழுந்தது மிருதங்கம். போகப் போக, நான் தட்டாத அடிகளும் விழுந்தன. நான் தடுமாறிய இடத்திலும் தாளம் தடுமாறவில்லை. கணினி என் பிழைகளைத் திருத்துகிறது என்று விளங்கிக்கொண்டேன். அப்படி ஒரு வசதியை நான் அதில் வைத்ததாக ஞாபகம் இல்லை. பெரிய கண்டுபிடிப்புகள் தற்செயலாகத்தான் நடக்குமாம். முன்வரிசையில் பக்கத்து வீட்டு பளீல் மாஸ்டர் தலையை ஆட்டிய ஆட்டத்தில் அவருடைய தொப்பி கழன்று விழுந்தது.

தனி ஆவர்த்தனம் வந்தது. பாட்டு நின்று, மிருதங்கம் மட்டும். வியர்த்துக் கண்ணாடி மங்கிவிட்டது. இரண்டு கையாலும் கழற்றித் துடைத்தேன்.

மிருதங்கம் நிற்கவில்லை.

கைகளைப் பார்த்தேன். கண்ணாடி கையில் இருந்தது. மிருதங்கம் இன்னும் வேகமாகப் போனது. தாளம் போட்டுக்கொண்டிருந்த மங்களேஸ்வரி சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் சரிந்தாள்.

“நிப்பாட்டாதேங்கோ!”

அடித்தேன். தொடை வீங்கும்வரை அடித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் மேடைப் பின்சீலையை விலக்கிப் பார்த்தால், மிருதங்கத்தோடு நிரோஷன். அவனுக்கு முன்னால் ஒரு மைக்.

“சார், ரொம்ப நல்லா நடிச்சீங்க,” என்றான். உண்மையாகவே பாராட்டினான்.

“அப்ப என்ர சத்தம் எங்க?”

மதனி என்னை முற்றம் தாண்டிக் கூட்டிப் போனாள். சமையலறை ஜன்னலில், காட்டைப் பார்த்தபடி ஒரு பெரிய ஸ்பீக்கர். அதன் மேல் வாங்கும் பெட்டி. நான் தொடையைத் தொட்டேன். தொம் என்றது. மரத்தில் இருந்த ஒரு குரங்கு என்னைப் பாராமலே ஓடியது.

“நிரோஷன் அண்ணா வாசிச்சா அதுகள் பழகிடும், அப்பா. உங்கட அடி எப்ப விழும் எண்டு அதுகளுக்குத் தெரியாது. நடுவில நீங்கள் நிப்பாட்டின நேரம் மட்டும் ரெண்டு வடை போயிட்டுது.”

பின்னால் மங்களேஸ்வரி வந்து நின்றாள்.

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்றேன். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

“சொன்னா மேடையில ஏறியிருப்பியளோ? என்ர பாட்டை முழுசாக் கேக்கேல்லை எண்டு சொன்னனீங்கள். இண்டைக்குக் கேட்டியளோ இல்லையோ?”

கேட்டேன்தான். அவள் நன்றாகப் பாடுகிறாள். அதுவும் எனக்கு அன்றுதான் தெரியும். அவள் ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள். தின்றேன்.

நேற்று மண்டபத்துக்காரர் தொலைபேசி எடுத்தார். அடுத்த மாதம் அங்கே ஒரு கலியாணமாம், நான் கட்டாயம் வந்து வாசிக்க வேண்டுமாம். மேளத்துக்கு வேறு ஆள் இருக்கிறதாம்.