சோபாவில் சண்முகநாதன்

அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் தன் வழுக்கைத் தலை உலா வருவதைப் பார்த்ததும் சண்முகநாதன் காலைக் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

டத்தோ கிராமாட் பகுதியில் அவரும் மனைவி புஷ்பவள்ளியும் குடியிருந்த அந்தக் கட்டடத்தில், கீழ்வீட்டு நூர்ஜான் ஓவியச் சவால் ஒன்றைத் தொடங்கியிருந்தாள். மாதம் முழுக்கத் தினம் ஒரு படம் வரைந்து குழுவில் போட வேண்டும். கடைசியில் கண்காட்சி, பரிசு எல்லாம் உண்டு. கிளினிக்கில் வேலை செய்யும் புஷ்பவள்ளி, வீடு திரும்பியதும் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவாள். வரைந்ததெல்லாம் புருஷனைத்தான். பிறை நகரில் தொழிற்சாலை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து சண்முகநாதனுக்குச் சோபாவே கதி. வாய் திறந்தபடி, வயிறு தனிக் குன்றாக, தினமும் குழுவில் காட்சி தந்துகொண்டிருந்தார்.

"ஏன் என்னையே வரையுற?"

"நீங்கதான் அசையாம இருக்கீங்க."

கோபப்படவும் மனம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து புஷ்பவள்ளி அவரை இவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பார்த்ததே இல்லை. அதனால் ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். தலையில் கொஞ்சம் முடி.

அவள் மறுக்காமல் முடி வைத்தாள். அடர்ந்த முடிக்குக் கீழே தொந்தி பொருந்தவில்லை என்று தோன்றியது. வயிற்றைக் குறைக்கச் சொன்னார். வயிறு போனதும் முகம் வெறிச்சென்று இருந்தது, மீசை கேட்டார். குழுவில் இதயங்கள் குவிந்தன. சண்முகநாதன் பூரித்துப்போனார்.

பூரிப்பு மறுநாள் வரைகூடத் தாங்கவில்லை. முடியும் மீசையும் ஒட்டிய வயிறுமாகப் படம் அச்சு அசலாக மேல்மாடி தியாகராஜனைப் போலவே இருந்தது. தினமும் பூப்பந்து ஆடி உடம்பைக் கட்டாக வைத்திருக்கும் ஆள். அவர் மனைவி மோகனா, ஞாயிறு தவறாமல் புஷ்பவள்ளியோடு மீன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறவள், அந்த வாரம் தனியாகப் போய்விட்டு வந்தாள். லிஃப்டில் பார்த்தும் பேசவில்லை.

புஷ்பவள்ளிக்கு அழுகையே வந்துவிட்டது. பழையபடி வழுக்கையாகவே வரைந்துவிடுகிறேன் என்றாள். சண்முகநாதன் சம்மதிக்கவில்லை. ஆதாரம் இருந்தால் போதும் என்றார். நம் வீட்டுச் சோபா, அதன் கிழிசல், என் கட்டம்போட்ட கைலி, எல்லாவற்றையும் தெளிவாக வரை, யாருக்கும் சந்தேகம் வராது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிச் சொல்லி வரைய வைத்தார்.

படம் குழுவில் ஏறிய பிறகுதான் அதில் என்ன தெரிகிறது என்பது அவருக்கே உறைத்தது. தியாகராஜன், சண்முகநாதனின் கைலியைக் கட்டிக்கொண்டு, சண்முகநாதன் வீட்டுச் சோபாவில் சாவகாசமாகப் படுத்திருந்தார்.

"நீங்க சரிபண்ணச் சரிபண்ணத்தான் கெட்டுப்போகுது," என்றாள் புஷ்பவள்ளி.

இனிப் படத்தைத் திருத்திப் பயனில்லை, ஆளைத்தான் திருத்த வேண்டும் என்று சண்முகநாதன் முடிவு செய்தார். விக் வாங்கினார். மீசை வளர்த்துச் சாயம் பூசினார். மூச்சை இழுத்துப் பிடித்தால் மட்டும் பொத்தான் போட முடிகிற சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, எல்லார் கண்ணிலும் படும்படி மாடி ஏறி இறங்கினார்.

ஒருநாள் லிஃப்டுக்குக் காத்து நின்றபோது பின்னாலிருந்து ஒரு கனத்த மீன் பை அவர் கையில் திணிக்கப்பட்டது. கேஸ் தோங் தீர்ந்துவிட்டது, புது சிலிண்டர் வாங்குங்கள் என்று காலையிலிருந்து சொல்கிறேன், காதில் விழுகிறதா இல்லையா என்று மோகனா பொரிந்து தள்ளினாள். சண்முகநாதன் பதறித் திரும்பினார். விக் திரும்பவில்லை.

மோகனா அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே புஷ்பவள்ளியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிறு இருவரும் சேர்ந்தே பாசாருக்குப் போனார்கள்.

கண்காட்சி நாளில் முதல் பரிசு புஷ்பவள்ளிக்கு என்று அறிவித்தபோது சண்முகநாதனும் கூடவே மேடையேறிக் கையசைத்தார். இறங்கிவந்து, பெருந்தன்மையோடு மற்றவர்கள் படங்களையும் பார்த்தார். அதுவரை குழுவில் தன் படத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. றெக்கை உடைந்த ஃபேன். துணி காயும் டிரெட்மில். செயின் இல்லாத சைக்கிள். அவருக்குப் பாவமாக இருந்தது.

"ஏம்மா நூர்ஜான், இவங்களுக்கெல்லாம் வரையறதுக்கு வீட்டுல ஆளே கெடைக்கலியா?"

"தலைப்பே 'வீட்டில் சும்மா கிடக்கும் பொருள்கள்' தானே அண்ணே. மத்தவங்கல்லாம் தினம் ஒண்ணு தேடி அலைஞ்சாங்க, அக்காவுக்கு மட்டும் மாசம் பூரா ஒண்ணே போதுமா இருந்துச்சு லா."