என் பேய்க்குப் பட்டை போட்ட அண்ணாச்சி

போன மாசம் ஒரு நாள். வேலை ஒண்ணே ஒண்ணுதான். நான் வரைஞ்ச பேயை தாராவியில ஃப்ரேம் போட்டு வாங்கிட்டு, நாலு மணிக்கு செம்பூர்ல ஒரு டைரக்டர்கிட்ட காட்டணும்.

இருட்டு, மந்திரம், ரத்தம்னு ஒரு ஹிந்திப் படம். அதுல வர்ற பேய் எப்படி இருக்கும்னு வரைஞ்சு குடுக்கிற வேலை. கெடைச்சா ஐரோலி கம்பெனில சோப்பு டப்பாவுக்கு டிசைன் போடுற பொழப்புக்கு டாட்டா!

மூணு வாரம் கரியில வரைஞ்சேன். ஸ்கேன்கூட எடுக்கல. ஒரிஜினல்னா ஒண்ணுதான் இருக்கணும்னு ஒரு திமிர். உருட்டு முழி, முறுக்கு மீசை, கையில நீட்டு அருவா. உலகத்துல எவனும் பாக்காத பேய்னு நானே எனக்குக் கைதட்டிக்கிட்டேன்.

காலைல ஃப்ரேம் கடை அண்ணாச்சிகிட்ட குடுத்தேன். சாமி படம், செத்தவங்க படம் ரெண்டைத் தவிர எதையும் தொடாத ஆளு. இவருக்கு ஆர்ட்டைப் பத்தி என்ன தெரியும்னு, ஒரு வார்த்தை வெளக்கம் சொல்லல.

மூணு மணிக்குப் போறேன். என் பேய் நெத்தியில மூணு பட்டை விபூதி! நடுவுல சந்தனம், அதுமேல குங்குமம்! ஃப்ரேமுக்கு மல்லிச் சரம் வேற!

"அண்ணாச்சி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சாமி படத்த வெறும் நெத்தியோட கடைய விட்டு அனுப்ப மாட்டேன்லா, தம்பி."

"இது சாமி இல்ல, பேய்!"

"யாருகிட்ட சொல்லுத? எங்கூரு சொடலமாடன எனக்குத் தெரியாதா? அந்த மீச, அந்த அருவா... அச்சு அசலா வரைஞ்சிருக்க. நல்லா இருப்ப!"

மூணு வாரக் கற்பனை. ஆள் ரெண்டே செகண்ட்ல அடையாளம் கண்டுபிடிச்சிட்டார்.

சரி, கண்ணாடி மேலதானேன்னு கர்சீஃபை எடுத்துத் துடைச்சேன். போகல. எச்சி தொட்டுத் தேய்ச்சேன்.

"சாமிய எச்சியால தேய்க்கியே, வெளங்குவியா? வெளிய வச்சா அழிஞ்சிரும்லா, அதான் படத்துலயே வச்சு, மேல கண்ணாடி போட்டு ஆணி அடிச்சிட்டேன்."

ரொம்ப நல்லது!

வேற படம் இல்ல, வேற வழியும் இல்ல. அப்படியே தூக்கிட்டு ஓடினேன். டாக்ஸி டிரைவர் திரும்பிப் பாத்து ஒரு கும்பிடு வேற போட்டான்.

டைரக்டர் அஞ்சு நிமிஷம் படத்தையே பாத்தார். மன்னிப்பு கேக்க வாயத் தொறந்தேன். கையக் காட்டி நிறுத்தினார்.

"பேய் சுமார்தான். எங்கயோ பாத்த மாதிரி இருக்கு"ன்னு ஹிந்தில சொன்னார். "ஆனா நெத்தியில அந்தச் சாம்பல் இருக்கே, அதான் நெசமாவே பயமா இருக்கு. அது யார் பண்ணது?"

நான்தான்னு பொய் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா, இன்னொண்ணு வச்சுக் காட்டுன்னிருப்பார். அண்ணாச்சி நம்பரைக் குடுத்தேன்.

இப்ப எனக்கு அந்தப் படத்துல வேலை இருக்கு. நான் வரையணும், அண்ணாச்சி பாத்து சரின்னா டைரக்டர்கிட்ட போகும்.

நேத்து அண்ணாச்சி ரெண்டு பேயைத் திருப்பி அனுப்பிட்டார். மொகத்துல களை இல்லியாம்.