‘பிரேக்’கில் இருக்கும் மாப்பிள்ளை

வேலையில்லாத் திண்டாட்டத்தை வேரோடு பிடுங்கி எறிந்த பெருமை, பூவுலகில் ஓசூர் ஒன்றுக்கே உரியது. இங்கே எவருக்கும் வேலை போவதில்லை. சிலருக்கு ‘பிரேக்’ கொடுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

பக்கத்துப் பேரிகை ஊர் முனிவேலுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டியது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஆறு வருடம் போல்ட் முடுக்கியவன். எச்.ஆர். விஜயகுமார் அவனை அறைக்கு அழைத்து, சமோசா கொடுத்து, கை குலுக்கி, “நல்லா ரெஸ்ட் எடுங்க முனிவேல். நீங்கல்லாம் எங்க குடும்பம்” என்றார். சூப்பர்வைசர்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில் இத்தனை மரியாதையா! முனிவேலுக்குத் தொண்டை அடைத்தது. சமோசாவாகவும் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாகலூரில் பெண் பார்க்கப் போனார்கள். பிரவீனாவை அவனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவளும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய அப்பா ராமப்பன்தான், தாம்பூலத் தட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல், “பையன் சும்மா இருக்கறான்னு பேசிக்கறாங்களே?” என்றார்.

“அப்படிச் சொல்ற வாயில புழு வைக்க!” என்றாள் முனிவேலின் அம்மா மாதேஸ்வரி. “சும்மாவெல்லாம் இல்லீங்க. பிரேக்ல இருக்கறான்.”

“எங்க ஊர்ல அதுக்குப் பேரு சும்மாதாம்மா.”

முனிவேலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சிப்காட் உப்பைத் தின்ற உத்தமன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தான். தனக்குச் சாட்சி சொல்ல எச்.ஆரையே போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

விஜயகுமார் ஞாயிறன்றும் கடமை தவறாதவர். “ஐயா, எங்க கம்பெனி சரித்திரத்துலயே ஒரு தொழிலாளியக்கூட வேலைய விட்டு நிறுத்துனது கெடையாது. அதுக்கு அவார்டே வாங்கியிருக்கோம்!”

மாதேஸ்வரி சபையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ராமப்பன் தட்டைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினார். முனிவேல் மனதுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்து முடித்துவிட்டான்.

பிரவீனாவும் சிப்காட்டில் வேலை பார்த்தவள். போன் பக்கம் குனிந்தாள். “சார், ஒரு டவுட்டு. யாரையாவது வேலைக்குச் சேத்துருக்கீங்களா?”

“தொழிலாளியாவா? அது எங்க பாலிசியே இல்லம்மா!” விஜயகுமாரின் குரலில் பெருமிதம் வழிந்தது. “எல்லாம் கான்ட்ராக்டர் அனுப்பற ஆளுங்க. நாங்க சேத்ததுன்னு ஒருத்தர்கூடக் கெடையாது.”

ராமப்பன் தட்டைத் தன் மடிக்கே இழுத்துக்கொண்டார். முனிவேலை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப ஆறு வருசமா, தெனமும் யூனிபாரம் மாட்டிக்கிட்டு நீ எங்கதாம்பா போயிட்டு வந்தே?”