குறையண்ணன் பேசிய இரங்கல்

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. எந்த அரசாணையிலும் இது இல்லை. அரசாணையில் இருக்கும் விதிகளை மக்கள் மீறுவதைத்தான் வருவாய்த் துறையில் என் பணிக்காலம் முழுக்கப் பார்த்தேன். எழுதாத இந்த ஒரு விதியை மட்டும் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள், குறையண்ணனைத் தவிர.

பரமத்தி வேலூர் வெற்றிலை மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். காவிரிக்கு இந்தக் கரையில் அவரைப் போல் குறை சொல்ல ஆள் பிறந்ததில்லை. அந்தக் கரையிலும் விசாரித்துவிட்டேன். மற்ற ஏலக்காரர்கள் வெற்றிலைச் சுமையைத் தூக்கிக் காட்டிப் புகழ்வார்கள். இவர் முதலில் குறையைச் சொல்வார். "ஓரம் கருகியிருக்குதுங்க. அடியில நாலு கவுளி பழுப்பு. மத்தபடி நல்ல இலைங்க." அந்த "மத்தபடி" வந்ததும் வியாபாரிகள் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார்கள், பிறகுதான் விலை கேட்பார்கள். அதற்கு மேல் யாரும் கவுளிக் கட்டைப் பிரித்து இலையைப் பார்க்க மாட்டார்கள்.

வம்பு என்னவென்றால், மண்டியைவிட்டு வெளியே வந்தும் அவருக்கு ஏலம் முடியாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "காது முன்னால வந்திருக்குது. சோறு திங்கும்போது சத்தம் வருது. மத்தபடி நல்ல பையனுங்க" என்றார். மாப்பிள்ளை முறைத்தார். பெண்ணின் அப்பாவுக்கோ கண் கலங்கிவிட்டது. அதுவரை அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கிறது.

என் பணி ஓய்வு விழாவிலும் எழுந்தார். "தாசில்தாருங்க மனுவத் திருப்பாத நாள் கெடையாதுங்க. சிரிச்சுப் பேசி யாரும் பாத்ததில்லைங்க. மத்தபடி கை சுத்தமுங்க." மற்றவர்கள் போட்ட பொன்னாடைகள் எங்கே போயினவோ தெரியாது. இது நினைவிருக்கிறது.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு நடிகர் இருந்தார். பெயர் வேண்டாம், குடும்பம் இருக்கிறது. அதே நடிகருக்காக உயிரையே கொடுப்பவர் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ரஃபி பாய். கடை ஷட்டரில் அந்த நடிகரின் படத்தை வரைந்து வைத்திருந்தார். தலை நரைத்த பிறகும் ரசிகர் மன்றமா என்று ஊரே அவரைக் கேலி செய்தது. புதுப்படம் வந்தால் இருவரும் ஒரே பஸ்ஸில் நாமக்கல் போய், முதல் காட்சியை அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, சண்டை போட்டுக்கொண்டே திரும்புவார்கள்.

"பிடிக்காத நடிகருக்கு எதுக்குங்க முதல் காட்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இலையப் பிரிச்சுப் பாக்காம குறை சொன்னா, மண்டியில எவனுங்க மதிப்பான்?"

அந்த நடிகர் இறந்துபோனார். ரஃபி பாய் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். "சார், இரங்கல் கூட்டம் போடணும். ஒரு நாளாச்சும் இந்த ஊரு அவர மதிக்கட்டும். நீங்கதான் தலைமை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குறையண்ணன் மட்டும் மேடைக்கு வராமப் பாத்துக்குங்க சார்."

காவல் நிலைய அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி, நிகழ்ச்சி நிரல் எல்லாம் முறைப்படி செய்தேன். நிரலில் அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர் பேச முடியாது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கூட்டம் தொடங்கியது. முன்னாள் கவுன்சிலர், வேறொரு நடிகரின் படத்தைச் சொல்லிப் பாராட்டினார். அடுத்தவர், மறைந்தவர் நடனத்தில் மின்னல் என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரஃபி பாய் குனிந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட மரியாதை இது இல்லை.

அப்போது கூட்டத்தின் நடுவே குறையண்ணன் எழுந்து நின்றார். மேடைக்கும் வரவில்லை, மைக்கும் கேட்கவில்லை. ஏலம் விட்ட குரலுக்கு எதற்கு மைக்? என் நிரல் அத்துடன் காலாவதி ஆனது.

"ஏனுங்க, ஆளு செத்துப்போனா பொய் சொல்லலாமுங்களா? அவருக்கு டான்ஸு வராதுங்க. அழுதாருன்னா நமக்குச் சிரிப்பு வருமுங்க. கடைசியா வந்த படமெல்லாம் உக்காந்து பாக்க முடியாதுங்க."

"யோவ், உக்காருய்யா!" என்று மன்றத்து ஆட்கள் எழுந்தார்கள். ரஃபி பாயும் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. ஒலிபெருக்கி அனுமதியில் கைகலப்புக்கு இடமில்லை என்பது என் கவலை.

"மத்தபடி," என்றார் குறையண்ணன்.

மண்டி வியாபாரிகள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அந்தச் சொல் விழுந்ததும் பழக்கத்தில் வாயை மூடினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் அடங்கினார்கள்.

"மத்தபடி, பக்கத்துல நிக்கிற காமெடிக்காரன் கைதட்டு வாங்குறப்ப, இவரு ஓரடி பின்னால நகந்து நிப்பாருங்க. எந்தப் படத்துல வேணா போட்டுப் பாருங்க. அந்த ஓரடிய வேற எந்தப் பெரிய நடிகனும் நகந்து நான் பாத்ததில்லைங்க."

ரஃபி பாய் மெதுவாகச் சொன்னார்: "அத நான்கூடப் பாக்கலியேண்ணே."

அதன்பின் எழுந்த கைதட்டலில் பஸ் நிலையத்துக் கரூர் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அன்று வரை ரஃபி பாயைக் கேலி செய்தவர்கள் வரிசையில் நின்று அவருக்குக் கை கொடுத்தார்கள். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி அவர் எல்லோருக்கும் தலையாட்டினார். கண்ணைத் துடைக்கத்தான் நேரமில்லை.

வரிசையின் கடைசியில் குறையண்ணன் வந்தார். "பாய், இனிமே நாம எதுக்குங்க சண்ட போடறது?" என்று கேட்டார். அவருடைய ஏலக் குரல் தணிந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கேள்வி நிலுவையில் நின்றது. ரஃபி பாய் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து குறையண்ணன் வழக்கம்போல் மண்டியில் ஏலம் விட்டார். ஆனால் ஒழுங்காகக் குறை சொல்லவில்லை. எல்லாச் சுமையும் "பரவாயில்லைங்க" ஆனது. வியாபாரிகள் கலங்கிப்போய் ஒவ்வொரு கவுளியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்னிடம்கூட வந்து, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். இதற்கு நடைமுறை கிடையாது.

ஒரு நாள் காலை, ஏலத்தின் நடுவே ரஃபி பாய் புது வேட்டி சரசரக்க மண்டிக்குள் வந்தார்.

"அண்ணே, அழுதா சிரிப்பு வரும்னு சொன்னீங்கள்ல? நேத்து வீட்ல உக்காந்து அவரு படத்த மறுபடி பாத்தேன். எனக்கு அழுகைதான் வந்துச்சு. நீங்க சொன்னது தப்பு."

குறையண்ணன் கையில் இருந்த சுமையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு விளம்பரம் பாத்தாலே அழுகை வருமுங்க பாய். எந்தப் படம் அது, சொல்லுங்க!" என்றார். குரல் மண்டிக் கூரையில் மோதித் திரும்பியது. ஏலம் நின்றது. வியாபாரிகள் மூட்டைகள் மேல் சாய்ந்து உட்கார்ந்து, அவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

நிலுவையில் இருந்த கேள்விக்குப் பதில் கிடைக்கப்பெற்ற நாள்: ரம்ஜானுக்கு மறுநாள்.