டொக்கு ஃபிட்டரின் தாடை

வாயைத் திறந்ததும் வார்த்தைக்கு முன்னால் சத்தம் வருகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில், நான் வேலை பார்த்த பம்புசெட்டுக் கம்பெனியில் அவர் ஃபிட்டராக இருந்தார். காதுக்கு முன்னால், தாடை மண்டையோடு சேருகிற மூட்டில், வாயைத் திறக்கும்போதெல்லாம் 'டொக்' என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. டைம் ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கே அது சட்டென்று ஞாபகம் வராது. எல்லோருக்கும் அவர் டொக்கு ஃபிட்டர்.

புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர், லேத்தில் விட்டு விட்டு ஏதோ சத்தம் வருகிறதென்று மிஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். அப்போதும் சத்தம் வந்தது. கியர் பெட்டியைத் திறந்து மத்தியானம் வரை தேடினார்கள். டொக்கு வெற்றிலை பாக்கை மென்றுகொண்டே பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்ப் பாக்கைத் துப்பிவிட்டு வந்தார்.

"இன்னா சார், இப்ப நின்னுச்சா?"

"நின்னுடுச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியல."

"போவட்டும் வுடுங்க சார்."

தெரிந்தேதான் விளக்குப் பிடித்தார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ஆனால் மிஷின் விஷயத்தில் மனிதர் கெட்டிக்காரர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக் கேட்பார். பிறகு மிஷின் ஓட்டுகிறவனிடம் இரண்டே கேள்வி: "சூடாவுதா? எங்கனா புடிக்குதா?" இரண்டும் இல்லையென்றால், "வெறும் சத்தம்தான், அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று போய்விடுவார். ஒன்று இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்து, 'பழுது, ஓட்டாதே' என்று எழுதிய சிவப்பு அட்டையை மாட்டிவிடுவார். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ஒருமுறை மேனேஜரே கழற்றப் போனபோது டொக்கு அவர் கையைத் தட்டிவிட்டார்.

அவரிடம் ஒரே ஒரு குறை. எதைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் இரண்டு நட்டு மிச்சம் இருக்கும். "செஞ்சவன் தாராளமா போட்டுக்கீறான்" என்று அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அந்தத் தாடை வலிக்க ஆரம்பித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வேலைக்கு வந்தார். கொட்டாவி விட்டால் வாய் பாதியில் சிக்கிக்கொள்ளும். கையால் இப்படியும் அப்படியும் ஆட்டி விடுவித்துக்கொள்வார். ஊருக்கு உபதேசம், தனக்கில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "பேரிங்குக்கு எண்ணெ பத்தல" என்று காதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டார். காது அடைத்து, இரண்டு நாள் ஸ்க்ரூ டிரைவர் வேலை நின்றதுதான் மிச்சம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை சத்தம் நின்றுவிட்டது.

"டொக்கு போயிடுச்சு, டைமாபீஸு" என்றார் என்னிடம். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். கேன்டீன் மாஸ்டர் கேசரி கொடுத்தார். டொக்கு அதைச் சாப்பிடாமல் பொட்டலம் கட்டி எடுத்துப் போனார். மறுநாளிலிருந்து அவர் டிபன் கேரியரில் கஞ்சி மட்டும் வந்தது. பத்து நாள் போனதும், இடுப்பில் நிற்காத பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"வாயைத் தொறங்க ஃபிட்டரே."

திறந்தார். ஒரு விரல் நுழைகிற அளவுதான் திறந்தது. அதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இத வச்சிக்கினுதான் டொக்கு போயிடுச்சுன்னு சொன்னீங்களா? வாங்க டாக்டராண்ட போவலாம்."

"டாக்டரு தாடையக் கழட்டுவாரு" என்றார் பல்லிடுக்கில்.

"கழட்டினா திரும்ப மாட்டிடுவாரு."

"மாட்டுவாரு. ரெண்டு நட்டு மிச்சம் வச்சிட்டாருன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். எனக்கும் பயமாக இருந்தது. இப்படியே விட்டால் ஆள் கஞ்சியிலேயே கரைந்துவிடுவார்.

நேரே ஷெட்டுக்குப் போய்ச் சிவப்பு அட்டையை எடுத்து வந்து அவர் கழுத்தில் மாட்டினேன். "இருவது வருசமா சத்தம் போட்டுக்கினு இருந்த மிஷினு திடீர்னு கம்முனு ஆயிடுச்சு. தொறக்கவும் மாட்டேங்குது. நீங்க இன்னா பண்ணுவீங்க?"

டொக்கு அட்டையைக் குனிந்து பார்த்தார். கழற்றக் கையைத் தூக்கினார். சட்டம் ஞாபகம் வந்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார்.

அட்டையோடேதான் பட்டணத்துக்கு ரயிலேறினோம். எதிரில் இருந்த அம்மாள் அதைப் படித்துவிட்டுத் தன் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். டிக்கெட் பரிசோதகர் என்னிடம் மட்டும் டிக்கெட் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் ஒரு பெண். அட்டையைப் படித்தார். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துத் திறந்து மூடச் சொன்னார்.

"வெறும் சத்தம்னா நீங்க வந்திருக்கவே வேணாம். நிறையப் பேருக்கு இருக்கும். வலி வந்தப்பவே, சிக்க ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும்."

டொக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டருக்கு வேலை தெரியும் என்கிற மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது.

"வேலை செய்யும்போது பல்லைக் கடிப்பீங்களா?"

"கடிக்காம எப்படிம்மா நட்டு இறுகும்?"

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

"கழட்டுவீங்களாம்மா?"

"எதை?"

"தாடைய."

"கழட்ட வேண்டியதே இல்ல. பாக்கை நிறுத்துங்க. பல்லைக் கடிக்காதீங்க. ஒத்தடம் கொடுத்து, மெத்துனு சாப்பிடுங்க. நான் சொல்லித் தர்ற மாதிரி மெதுவா திறந்து மூடிப் பழகுங்க. வாரா வாரம் வந்து காட்டணும்."

அங்கேயே அட்டையைக் கழற்றினேன்.

வாரா வாரம் போனோம். ஒரு விரல் இரண்டு விரலானது. நடுவில் சத்தம் திரும்பி வந்தது. பதறிப்போய்க் கேட்டோம். வலிக்கவில்லை, சிக்கவில்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். மூன்று விரல் நுழைகிற அளவு வாய் திறந்த பிறகு, வழக்கம்போலச் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று கேன்டீனில் டொக்கு ஒரு தட்டு நிறையச் சாம்பார் சோறு வாங்கினார். பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து வாயில் போட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா டைமாபீஸு, என் வாயவே பாத்துக்கினு கீற? உன் சோறு ஆறுது பாரு."

"நீங்க சாப்புடுங்க" என்றேன். அவர் தட்டு காலியாகும் வரை என் சோற்றில் நான் கை வைக்கவில்லை. என் பிள்ளைகள் முதல் சோறு தின்றபோதுகூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.